மரமில்லாச் சமவெளி: மழையா, நெருப்பா, குளம்படியா?

1820-ல் ஸ்டீபன் லாங் தலைமையில் ராக்கி மலைத்தொடரை நோக்கிப் போன அமெரிக்க அரசுப் பயணக் குழு, தான் கடந்துவந்த சமவெளியை வரைபடத்தில் பெரும் பாலைவனம் என்று குறித்தது. அங்கே மணல்மேடுகளைவிடப் புல்தான் அதிகம். ஆனால் காடு வெட்டிக் கழனி கண்ட கிழக்குக் கரைக் குடியேறிகளுக்கு மரம் வளராத மண் பயிருக்கும் ஆகாத மண். இங்கே ஏன் மரமில்லை என்ற கேள்வி அப்போதிருந்து இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. மழை போதாது என்றார்கள். நெருப்பு விடவில்லை என்றார்கள். விலங்குகளின் வாயும் குளம்பும்தான் காரணம் என்றார்கள். இது புத்தகத்துக்குள் அடங்கிய வழக்காக இருந்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் ஒரு கட்டளை வந்தது: தொடாமல் விடு, கொளுத்து, மேய்க்காதே, மந்தையை நெருக்கி மேய், மரம் நடு. வட அமெரிக்கப் பிரெய்ரியின் இன்றைய முகம் இந்தக் கட்டளைகள் விட்டுச்சென்றது.

பிரெய்ரி என்ற ஒரே சொல் மிக வேறுபட்ட நிலங்களை மூடிவைக்கிறது. கிழக்கே இல்லினாய், அயோவா பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை பெய்தது, புல் ஆளுயரம் வளர்ந்தது. மேற்கே போகப் போக மழை குறையும், புல்லும் தாழும். கொலராடோவின் கிழக்குப் பகுதி, வயோமிங், மொன்டானா, சஸ்காச்சுவான் ஆகிய இடங்களில் பெரும்பாலும் 300 முதல் 500 மி.மீ. மழைதான். கொலராடோச் சமவெளியில் நீலக் கிராமாவும் எருமைப்புல்லும் கணுக்கால் உயரத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். செடியின் பெரும்பங்கு மண்ணுக்கடியில் வேராக இருக்கும். இக்கட்டுரை இந்த வறண்ட பிரெய்ரியைப் பற்றியது. இதைக் குறித்த விடைகள் பலவும் வேறொரு மழைப்பட்டையில் பிறந்து இங்கே கொண்டுவரப்பட்டவை என்பதும், பிழைகளில் பாதி அந்தப் பெயர்ப்பில்தான் நேர்ந்தது என்பதும் இதன் வாதம்.

மழை என்ற விடை

முதல் பெரிய விடையை முறையான கோட்பாடாக்கியவர் நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்த ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ். 1916-ல் வெளிவந்த அவருடைய நூலின்படி, ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் உச்சநிலைத் தாவரக் குடி உண்டு. எந்தக் குலைவுக்குப் பிறகும் நிலம் படிப்படியாக அதை நோக்கியே திரும்பும். சமவெளியின் உச்சநிலை புல். பசிபிக் காற்றின் ஈரத்தை ராக்கி மலைத்தொடர் மேற்கிலேயே பிழிந்துவிடுவதால் மலையின் மழைமறைவில் மரத்துக்குத் தண்ணீர் எட்டாது. 1930-களின் வறட்சி இதற்கு வலுவூட்டியது. ஜான் வீவரும் ஃபிரெடெரிக் ஆல்பெர்ட்சனும் நெப்ராஸ்காவிலும் கான்சஸிலும் ஆண்டுதோறும் அளந்து பதிந்த விவரங்கள், சில ஆண்டு வறட்சியிலேயே உயரப்புல் பின்வாங்கிக் குட்டைப்புல் கிழக்கே நகர்ந்ததைக் காட்டின. மழையே எல்லைக் கல்லை நட்டு, மழையே பிடுங்கி வேறிடத்தில் வைத்தது.

இந்த விடைக்கு இரண்டு ஓட்டைகள். இல்லினாய் போன்ற ஈரமான நாட்டில் ஓக் மரம் தாராளமாக வளரும்; அங்கும் பிரெய்ரி இருந்தது. கிழக்கு நோக்கி நாக்குப்போல நீளும் அந்தப் பகுதியைப் பிரெய்ரித் தீபகற்பம் என்று 1935-ல் எட்கர் டிரான்சோ பெயரிட்டு விளக்க முயன்றார். சராசரி மழையைவிட அவ்வப்போது வரும் கடும் வறட்சியே முக்கியம் என்பது அவர் தரப்பு. அது பாதிப் புதிரைத்தான் அவிழ்த்தது. இரண்டாவது ஓட்டை நடைமுறையில் பெரிதானது. உச்சநிலை என்று ஒன்றை நிறுத்திவிட்டால் அதிலிருந்து விலகிய ஒவ்வொன்றும் கேடாகத் தெரியும். 1949-ல் டிக்ஸ்டர்ஹூயிஸ் வகுத்த முறைப்படி, உச்சநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே மேய்ச்சல் நிலத்தின் தரத்தை அளக்கும் கோலாயிற்று. மேய்ச்சலைக் குறைத்தால் நிலம் தானே ஏணி ஏறும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். பல இடங்களில் நிலம் ஏறவில்லை. 1989-ல் வெஸ்டோபி, வாக்கர், நொய்-மெய்ர் மூவரும் ஏணியைக் கைவிட்டு, நிலம் பல நிலைகளில் தங்கக்கூடும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் தாவாமல் சிக்கிக்கொள்ளவும் கூடும் என்ற மாதிரியை முன்வைத்தார்கள். மேய்ச்சல் நில மேலாண்மையின் மொழி அதன்பிறகு மாறிவிட்டது.

நெருப்பு என்ற விடை

1913-லேயே ஹென்றி கிளீசன் ஒரு எளிய உண்மையைக் கவனித்திருந்தார். இல்லினாய் ஆறுகளின் கிழக்குக் கரையில் காடு அடர்ந்திருந்தது. மேற்குக் கரையில் புல் நின்றது. மேற்குக் காற்று ஓட்டிவந்த நெருப்பை ஆறு தடுத்ததால் அதன் மறுபுறத்தில் மரம் பிழைத்தது. 1950-ல் புவியியலாளர் கார்ல் சாவர் இதை இன்னும் தொலைவு கொண்டுபோனார்: புல்வெளிகள் பொதுவாகச் சமதரையில் இருப்பதற்குக் காரணம் அங்கே நெருப்புக்குத் தடையில்லை என்பதே, கொளுத்தியதில் பெரும்பங்கு மனிதர்களுடையது. பூர்வகுடிகள் எரித்த சான்றுகளை உலகம் முழுவதிலிருந்தும் தொகுத்த ஓமர் ஸ்டூவர்ட்டின் பெருநூல் 1950-களில் எழுதப்பட்டு 2002-ல்தான் அச்சேறியது. நிலத்தை ஆண்டு பழகிய மக்களின் கையை இயற்கை அறிவியல் எவ்வளவு காலம் காண மறுத்தது என்பதற்கு அந்த அரை நூற்றாண்டுத் தாமதம் ஒன்றே போதும்.

உயரப்புல் நாட்டில் நெருப்பின் பங்கு இன்று ஐயத்துக்கு இடமில்லாதது. கான்சஸில் 1971-ல் நிறுவப்பட்ட கான்சா ஆய்வுக்களத்தில், சில நீர்ப்பிடிப்புகளை ஆண்டுதோறும், சிலவற்றைச் சில ஆண்டுக்கொருமுறை, சிலவற்றை இருபது ஆண்டுக்கொருமுறை எரித்துவருகிறார்கள். நெருப்பு அரிதான இடங்களில் ஒரு தலைமுறைக்குள் புதரும் செஞ்சீடர் மரமும் ஏறிக்கொண்டன. ஆனால் இதே நியாயம் வறண்ட மேற்குக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றவர்களில் வலுவானவர் ஃபிலிப் வெல்ஸ். சமவெளியின் உலர்ந்த பகுதிகளிலும் பாறைச் சரிவுகளின் விளிம்பில் மரங்கள் நிற்பதை 1965-ல் அவர் எடுத்துக்காட்டினார். மழை மட்டுமே மரத்தைத் தடுத்திருந்தால் சரிவிலும் மரம் இருக்கக் கூடாது. நெருப்பு எட்டாத பாறைதான் அவற்றைக் காத்தது என்றார்.

இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. முழுவதும் ஏற்கவும் முடியாது. பாறைப் பிளவு நெருப்பைத் தடுப்பதோடு நிற்பதில்லை, மழைநீரையும் திரட்டி ஆழத்துக்கு இறக்குகிறது. நுண்மண் பரந்த சமதளத்தில் அதே மழை மேல்மண்ணிலேயே தங்க, புல்வேர்கள் அதை முதலில் குடித்துவிடுகின்றன. ஆகவே சரிவின் மரம், சமதளத்தில் நெருப்பை நிறுத்தினால் மரம் வரும் என்பதற்குச் சான்றாகாது. எரிபொருள் கணக்கும் உண்டு. கணுக்கால் உயரப் புல்லை மந்தை மேய்ந்தபின் நெருப்பு தொடர்ந்து ஓட அங்கே பற்றுவதற்கு அதிகமில்லை. மொன்டானாவில் பிளாக்ஃபீட் மக்களின் முன்னோர் பைசன்களை விரட்டிப் பிடித்த தடங்களை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் புல் செழித்த ஈரமான காலங்களில் அதிகம் கொளுத்தினார்கள் என்று காட்டியது. மழை விளைவித்ததை மனிதர் எரித்தார்கள். பைசன் புதுத்தளிரைத் தேடி வந்தது. காரணங்களைத் தனித்தனிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தவர்கள் இந்தப் பின்னலைத் தவறவிட்டார்கள். தெற்கே டெக்சஸ் பகுதியில் மெஸ்கீட் புதர் புல்லை விழுங்கிய வரலாறு உண்டு என்பதால், வறண்ட பிரெய்ரி முழுவதற்கும் நெருப்பு தேவையில்லை என்று பொதுவிதி போடுவதும் அவசரமாகும்.

குளம்படி என்ற விடை

மூன்றாவது விடை விலங்குகளைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சமவெளியில் ஏறக்குறைய 3 கோடி பைசன்கள் இருந்திருக்கலாம் என்பது இன்று பலர் ஏற்கும் மதிப்பீடு. 1889-ல் வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்தபோது கண்டம் முழுவதிலும் 1,100 அளவில்தான் எஞ்சியிருந்தன. தோலுக்காக நடந்த அந்த வேட்டை பூர்வகுடிகளின் சோற்றுப் பானையை உடைத்த வேட்டையும்கூட. அந்த இடத்தில் மாடு வந்தது, பின்னாலேயே முள்கம்பி வந்தது. அளவுக்கு மீறிய மேய்ச்சலின் கேட்டைப் பார்த்தவர்கள் மேய்ச்சலே பகை என்று முடிவு கட்டினார்கள். குட்டைப்புல் நாட்டைப் பொறுத்தவரை அந்த முடிவை மிகத் தெளிவாக மறுத்தது கொலராடோவில் நன் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள மத்தியச் சமவெளி ஆய்வுக்களம். 1939 முதல் அங்கே வேலியடைத்து மேய்ச்சல் தடுத்த துண்டுகளை, மேயவிட்ட நிலத்தோடு ஒப்பிட்டு வருகிறார்கள். மிதமாக மேய்ந்த நிலத்தில் நீலக் கிராமா குறையவில்லை. மேயாத துண்டுகளில்தான் அயல் களைகள் எளிதாகப் புகுந்தன. 1988-ல் மில்சூனாஸ், சாலா, லாயன்ராத் இதைப் பொதுமைப்படுத்தினார்கள்: நெடுங்காலம் மேய்ச்சலோடு பரிணமித்த வறண்ட புல்வெளி, மேய்ச்சலால் மிகக் குறைவாகவே மாறும். வறட்சியைத் தாங்கக் கற்ற செடிக்கும் வாயைத் தாங்கக் கற்ற செடிக்கும் பாடம் ஒன்றுதான்: உயிரைத் தரைக்குக் கீழே வை.

இந்த உண்மையை அளவுக்கு மீறி நீட்டியவரும் உண்டு. சிம்பாப்வேயில் பணியாற்றிய ஆலன் சேவரி, மந்தையை நெருக்கமாகக் குவித்து அடிக்கடி இடம் மாற்றினால் வறண்ட நிலம் பசுமையாகும், தட்பவெப்ப மாற்றமும் தணியும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். 2013-ல் அவர் ஆற்றிய உரை உலகம் முழுவதும் பரவியது. 2008-லேயே டேவிட் பிரிஸ்கும் உடனாய்வாளர்களும் அரை நூற்றாண்டுச் சோதனைகளைத் தொகுத்து, சுழற்சி மேய்ச்சல் தொடர் மேய்ச்சலைவிட மேல் என்பதற்குச் சான்றில்லை என்று காட்டியிருந்தார்கள். சேவரி தரப்பின் எதிர்வாதம் கேட்கத் தக்கதே: சோதனைத் துண்டுகள் சிறியவை, அட்டவணைப்படி மாடு மாற்றப்பட்டது, கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பண்ணையாளரின் திறன் அங்கே இல்லை. நன் ஆய்வுக்களத்தில் 2013-ல் தொடங்கிய கூட்டுச் சோதனை இதற்கு நேரடியான பதில். பண்ணையாளர்களும் பாதுகாப்பு அமைப்பினரும் அரசு அலுவலர்களும் ஒன்றாக அமர்ந்து, பத்துப் பெரிய அடைப்புகளில் ஒரே மந்தையை எப்போது எங்கே மாற்றுவது என்று நிலத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள். முதல் ஆண்டுகளில் புல் குறிப்பிடத்தக்கபடி மேம்படவில்லை. காளைகளின் எடையேற்றமோ, பரவலாகப் பருவம் முழுவதும் மேய்ந்தவற்றைவிட 12 முதல் 16 விழுக்காடு குறைந்தது. நெருக்கியடித்த மந்தைக்கு நல்ல புல்லைத் தேர்ந்து மேய வழியில்லை. சேவரியின் முறை எங்கும் பயன்படாது என்று இதனால் ஆகிவிடாது. வறண்ட பிரெய்ரிக்கு அது மாமருந்து என்ற கூற்று மட்டும் நிற்கவில்லை.

மாட்டைவிடக் கடுமையான வழக்கு பிரெய்ரி நாய் மீது. நாய் என்பது பெயரில் மட்டும். அணில் குடும்பத்துக் கொறித்துண்ணி அது. வளை தோண்டிக் குடியிருப்புகளாக வாழ்ந்து, சுற்றிலும் புல்லைக் கத்தரித்து வைக்கும். மாட்டின் தீனியைப் பறிக்கிறது என்று நஞ்சிட்டும் உழுதும் அதன் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அழித்தார்கள். 1900-ல் சான் பிரான்சிஸ்கோ வழியாக அமெரிக்கா வந்த பிளேக் மிச்சத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரெய்ரி நாயையே உண்டு வாழும் கருங்கால் ஃபெரட் அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே மீண்டும் தென்பட்டது; 1987-க்குள் பிடித்துக் காப்பாற்ற முடிந்தவை 18 மட்டுமே. பண்ணையாளரின் குறை பொய்யென்று தள்ளக் கூடாது. 2006-ல் வெளியான ஓர் அளவீட்டின்படி, மேய்ச்சல் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரெய்ரி நாய் பிடித்தால் மாட்டின் எடையேற்றம் 5.5 விழுக்காடும், ஐந்தில் மூன்று பங்கைப் பிடித்தால் ஏறக்குறைய 14 விழுக்காடும் குறைந்தது. இழப்பு உண்மை, ஆனால் அது பிடித்த பரப்பின் அளவுக்கு ஏறவில்லை. அந்த இழப்பை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. அதைச் சூழலியல் தீர்த்துவைக்காது.

கலப்பை

மழை, நெருப்பு, மேய்ச்சல் என்று வாதிட்டுக்கொண்டிருந்தபோதே நிலத்தை உண்மையில் மாற்றியது ஏர்முனை. 1862-ன் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஈரமான கிழக்குக்கு அது போதும். வறண்ட நாட்டில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்று 1878-ல் ஜான் வெஸ்லி பவல் அரசுக்கு எழுதிய அறிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உழுதால் மழை வரும் என்ற நம்பிக்கை அன்று படித்தவர்களிடமும் இருந்தது. ஒரு மழைப்பட்டையின் விதியை மற்றொன்றுக்குப் பெயர்த்ததில் இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. 1930-களில் மழை பொய்த்தபோது மேல்மண் எழுந்தது. 1935 ஏப்ரல் 14-ல் வந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. இரண்டு வாரத்துக்குள் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

புழுதிக்குக் காரணம் கலப்பையா, வறட்சியா என்பதிலும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கலப்பைக்கு முன்பே சமவெளியில் புழுதிப்புயல் வீசியதைக் கான்சஸ் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மாலின் பழைய ஏடுகளிலிருந்து காட்டினார். 1979-ல் டொனால்டு வொர்ஸ்டர், நிலத்தைப் பணமாக்கும் முறையே அதைத் தூளாக்கியது என்றார். 2005-ல் ஜெஃப் கன்ஃபர் மாவட்ட வாரியான கணக்குகளை வரைபடத்தில் ஏற்றிப் பார்த்து, உழாத நிலம் அதிகமிருந்த பகுதிகளிலும் புழுதி எழுந்தது, வெப்பமும் வறட்சியுமே பெரிய காரணம் என்று வாதிட்டார். வறட்சியின் பங்கைக் குறைத்துச் சொன்ன பழைய கதையை அவர் திருத்தியது சரி. ஆனால் மீட்சி என்ற கோணத்தில் பார்த்தால் கலப்பையின் குற்றம் குறையவில்லை. வறட்சியில் கருகிய புல் வேரிலிருந்து மீளும். உழுத இடத்தில் வேரே இல்லை. நீலக் கிராமாவின் நாற்று பிழைக்க, அது புதுவேர் விடும் சில நாள்கள் மேல்மண் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட நாட்டில் அந்த வாய்ப்பு அரிது. கைவிடப்பட்ட வயல்களை 53 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்ந்தபோது, சிலவற்றில் அது மீண்டிருந்தது, சிலவற்றில் இன்னும் பின்தங்கியிருந்தது.

அரசின் பரிகாரங்களிலும் நன்மையும் பிழையும் கலந்தே இருந்தன. 1934 முதல் 1942 வரை வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை காற்றுத் தடுப்பு வரிசைகளாக ஏறக்குறைய 22 கோடி மரங்கள் நடப்பட்டன; நொடித்த வயல்களில் ரஷ்யப் புல்வெளிகளிலிருந்து வந்த கொண்டைக் கோதுமைப்புல் விதைக்கப்பட்டது. மண் நின்றது, ஆனால் அந்த அயற்புல் பல இடங்களில் பத்தாண்டுகள் பல கடந்தும் உள்ளூர்ச் செடிகளுக்கு இடம்விடவில்லை. அரசு விலைக்கு வாங்கிய நிலங்களின் கதை வேறு. அவற்றிலிருந்து உருவான தேசியப் புல்வெளிகள் 20. ஏறக்குறைய 40 லட்சம் ஏக்கர். என் கணிப்பில், வறண்ட பிரெய்ரிக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய நன்மை அது. நுணுக்கமான மேலாண்மை எதுவும் முதலில் தேவைப்படவில்லை. உழாமல் விட்டதே போதுமாயிருந்தது.

சீரின்மையின் பக்கம்

2001-ல் சாமுவேல் ஃபியூலென்டார்ஃப், டேவிட் எங்கிள் இருவரும் வழக்கை வேறு தளத்துக்கு மாற்றினார்கள். எந்த விசை என்பதைவிட, அது எப்படிப் பரவுகிறது என்று கேட்டார்கள். பைசன் எரிந்த இடத்தில் குவிந்து மேய்ந்தது. எரியாத இடத்தில் புல் ஏறி, அடுத்து அது எரிந்தது. குட்டை, நெட்டை, வெறுந்தரை என்று நிலம் ஒட்டுப்போட்ட துணிபோல இருந்தது. மேய்ச்சல் நில அறிவியலோ, எல்லாவிடத்திலும் பாதியை மேய், பாதியை விடு என்று நிலத்தை ஒரே மட்டமாக்கக் கற்பித்தது. இதன் விலையைப் பறவைகள் கொடுத்திருக்கலாம். மலை உப்புக்கொத்தி வெறுந்தரையிலும் பிரெய்ரி நாய்க் குடியிருப்பிலும் கூடுகட்டும்; ஸ்பிரேக் நெட்டைக்காலிக்கும் பெயர்டு சிட்டுக்கும் மேயாது நிற்கும் புல் வேண்டும். நடுத்தரமாக மேய்ந்த நிலம் இரண்டு தரப்புக்கும் போதாது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகள் 53 விழுக்காடு குறைந்ததாக 2019-ல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. உழவும் பூச்சிக்கொல்லியும் அதில் பெரும்பங்கு வகித்திருக்கலாம். ஆனால் உழாத நிலத்தின் ஒருமுகத் தன்மைக்கும் அதில் பங்கிருக்கிறது என்பது ஏற்கத் தக்க கருத்து.

இதற்கும் ஆட்சேபம் உண்டு. ஒட்டுநிலம் உருவாகப் பெரும்பரப்பு வேண்டும். வேலிக்குள் அடைபட்ட ஒரு பண்ணைக்குள் அது பொம்மையளவில்தான் நடக்கும். மேலும் இந்தக் கோட்பாடு வளர்ந்தது ஓக்லஹோமாவின் உயரப்புல்லில். குட்டைப்புல்லில் எரித்த துண்டு மலை உப்புக்கொத்தியை ஈர்க்கிறது, தீனியின் செரிமானத் தரத்தைக் கூட்டுகிறது. ஆனால் மழை தவறிய ஆண்டில் எரித்தவர் கையில் புல்லும் இருக்காது, அடுத்த அடைப்பும் இருக்காது. இங்கே சீரின்மையை உண்டாக்கும் முதன்மைக் கருவி நெருப்பைவிடப் பிரெய்ரி நாயாக இருக்கலாம். அதைப் பிளேக்கிலிருந்து காக்கவும், அதனால் வரும் இழப்பைப் பொதுப் பணத்தில் ஈடுசெய்யவும் வழி கண்டால்தான் இந்தக் கருத்து தாளைவிட்டு நிலத்துக்கு இறங்கும்.

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியும் ஒதுங்கி நிற்பதில்லை. சமவெளியின் ஆளில்லாது போகும் பகுதிகளைப் பைசன் பொதுவெளியாக்கலாம் என்று 1987-ல் ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் இணையர் எழுதியபோது ஊர்கள் கொதித்தன. மொன்டானாவில் 2001-ல் தொடங்கிய அமெரிக்கன் பிரெய்ரி அமைப்பு பண்ணைகளை விலைக்கு வாங்கிச் சேர்க்கும்போதும் அதே அச்சம் எழுகிறது. கனடாவில், 1930-களின் நொடிப்பிலிருந்து பிறந்து நன்கு பேணப்பட்ட கூட்டு மேய்ச்சல் நிலங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து 2012-ல் மத்திய அரசு விலகியது. பாதுகாப்புக்கும் மேய்ச்சலுக்கும் ஒரே வேலி போதும் என்று காட்டிய ஏற்பாடு அது. மிக நம்பிக்கை தருவது பூர்வகுடிகளின் முயற்சி. 2014-ல் பல குடிகள் பைசன் உடன்படிக்கை செய்தன. ரோஸ்பட் மக்களின் வோலகோட்டா மேய்ச்சல்வெளி 28,000 ஏக்கர் அளவில் 2020-ல் தொடங்கியது. அங்கே பைசன் சூழலியல் கருவி என்பதற்கு முன் உறவும் உணவும் ஆகும்.

திறந்தே இருப்பவை

உழாத வறண்ட பிரெய்ரியை உழாமல் காப்பதற்கு ஈடான மேலாண்மை இல்லை. மிதமான மேய்ச்சல் அதற்குப் பகையில்லை. நெருப்பின் தேவை மழையோடு கூடிக் குறைகிறது. இந்த மூன்றையும் போதிய உறுதியோடு சொல்லலாம். அதற்கு அப்பால் தரை நெகிழ்கிறது. பைசனும் மாடும் எவ்வளவு வேறு என்பதற்குக் கான்சாவின் பதில் உண்டு: பைசன் திரும்பிய இடத்தில் ஏறக்குறைய மூன்று பத்தாண்டில் தாவர வகைகள் இரட்டித்தன, மாடு மேய்ந்த இடத்தில் ஏற்றம் சிறிது. ஆனால் அது உயரப்புல்லின் பதில். அங்கே பைசன் ஆண்டு முழுவதும் மேய்ந்தது, மாடு பருவத்துக்கு மட்டும். கொலராடோவுக்கோ மொன்டானாவுக்கோ அதைச் சுமந்து வருவது பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும். நெருப்பும் மாறிவருகிறது. பெருஞ்சமவெளியில் ஆண்டுச் சராசரியாக 1985–1994-ல் 33 ஆக இருந்த பெருந்தீக்கள் 2005–2014-ல் 117 ஆயின. 2024-ல் டெக்சஸின் ஒரே தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நெருப்பே அரிதாகிவிட்டது என்று கருதி எழுதிய திட்டங்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையின் வாதத்துக்கே சவாலான சான்றும் நன் ஆய்வுக்களத்திலிருந்துதான் வருகிறது. அங்கே திறந்த கூண்டுகளுக்குள் காற்றின் கரியமில வாயுவை ஏறக்குறைய இருமடங்காக்கிச் சில ஆண்டுகள் வைத்துப் பார்த்தார்கள். கிராமாவுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த ஒரு சிறு மாசிபத்திரி இனப் புதர், 2007-ல் வெளியான முடிவுகளின்படி, ஏறக்குறைய நாற்பது மடங்கு பெருத்தது. கரியமில வாயு கூடும்போது இலைத்துளைகள் சுருங்கி, செடிகள் குறைந்த நீரில் பிழைக்கின்றன. மேல்மண்ணின் ஈரம் மிஞ்சுகிறது. இருநூறு ஆண்டுகளாகக் குட்டைப்புல் நாட்டுக்கு மிக உறுதியாக நின்ற விடை வறட்சிதான். பெய்யும் மழை மாறாமலே அந்த வறட்சி தளர்ந்தால், புதரைத் தடுக்க நெருப்பு போதுமா, எந்த வாய் அதை மேயும், பற்றியெரிய அத்தனை புல் அங்கே இருக்குமா என்பதை அடுத்த தலைமுறையின் வேலிகளும் அளவுகோல்களும்தான் காட்ட வேண்டும்.